ஜவ்வரிசியைத் தேடினால் நாய்க்குட்டி வருகிறது: உணவு அறிவியல் தேடலில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, சிப்ஸ் போடுகிற நண்பர் ஒருவர் கேட்ட கேள்வியில் தொடங்கியது இது. ஆஸ்திரேலியாவுக்குச் சரக்கு அனுப்ப அவருக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. அந்த நாட்டு உணவுச் சட்டப்படி, சாப்பிடத் தயாராக விற்கும் மரவள்ளிச் சிப்ஸில் ஹைட்ரஜன் சயனைடு கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. "சயனைடா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து தின்னுக்கிட்டிருக்கோம்" என்று சிரித்தார். அப்புறம் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "எப்படிப் பக்குவம் பண்ணா இது குறையும்னு யாராவது ஆராய்ச்சி பண்ணியிருப்பாங்கல்ல? தேடிக் குடுங்க. அப்படியே ஜவ்வரிசிக்கும் பாத்துடுங்க" என்றார்.

தேடிக் கொடுப்பதுதான் எனக்குத் தொழில். சிறு உணவு நிறுவனங்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளையும் தரவிதிகளையும் தொகுத்துத் தருகிறேன். இது அரை நாள் வேலை என்று நினைத்தேன். ஒரு மாதம் இழுத்துவிட்டது. ஏன் இழுத்தது என்பதை எழுதிவைத்தால், சொல்லை வைத்துத் தேடும் பழைய முறைக்கும், பொருளையும் உறவையும் வைத்துத் தேடும் ஆன்டாலஜி முறைக்கும் என்ன வித்தியாசம் என்பது தானாகவே விளங்கும்.

முதல் தேடல்

ஜவ்வரிசியிலிருந்து ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் 'சாகோ' என்று போட்டு, பக்கத்தில் 'விஷம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் போட்டேன். வந்தவை எல்லாம் கால்நடை மருத்துவக் கட்டுரைகள். நாய்கள் 'சாகோ பாம்' தின்று கல்லீரல் கெட்டுப்போன கதைகள். வெளிநாட்டு வீடுகளில் அழகுக்கு வளர்க்கும் சைக்கஸ் ரெவல்யூட்டா என்ற செடிக்கு அந்தப் பெயர். பெயரில்தான் பனை, பனைக் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விஷமும் வேறு, சைக்கசின். நண்பரின் ஜவ்வரிசிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

'விஷம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மாவுச்சத்து' என்று போட்டேன். இப்போது மலேசியாவின் சரவாக் மாநிலத்துக் கட்டுரைகள் வந்தன. அங்கே சாகோ என்றால் மெட்ராக்ஸிலான் சாகு என்ற நிஜமான பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. பெயருக்கு உரிமையுள்ள பொருள் அதுதான். இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவைக் கொண்டு அதே மாதிரி உருண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். பொருள் மாறியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, 2023இல் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டு உணவுத் தர விதிகளே இந்த இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துத்தான் வைத்திருக்கின்றன. சாகோ என்றால் சாகோ பனையின் மாவுச்சத்திலிருந்தோ மரவள்ளிக் கிழங்கிலிருந்தோ செய்த சிறிய, கெட்டியான உருண்டைகள் என்கிறது விதி. மரவள்ளிக்கு அது தரும் தாவரப் பெயர் மானிஹாட் யூட்டிலிசிமா. தாவரவியலார் அந்தப் பெயரை விட்டு மானிஹாட் எஸ்குலென்டாவுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. ஆக, பழைய கட்டுரைகளைத் தேட ஒரு பெயர், புதியவற்றுக்கு இன்னொன்று, சட்டத்தில் மட்டும் இன்னும் பழையது.

சரி, ஜவ்வரிசி கிடக்கட்டும், சிப்ஸைப் பார்ப்போம் என்று அந்தப் பக்கம் போனேன். அங்கேயும் அதே கதை. 'கசாவா சிப்ஸ்' என்று போட்டால் தாய்லாந்தும் ஆப்பிரிக்காவும் வருகின்றன. அங்கே சிப்ஸ் என்பது வெட்டிக் காயவைத்த வில்லை, மாட்டுத் தீவனத்துக்கும் எரிசாராயத்துக்கும் மாவரைக்கவும் போவது. எண்ணெயைப் பார்த்தே இராதது.

சொல்லைப் பார்க்கும் இயந்திரம்

பழைய முறையைக் குறை சொல்வதற்கு முன், அது என்ன செய்கிறது என்பதை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். நாம் கொடுத்த சொல் எந்தெந்தத் தாளில் இருக்கிறது என்று பார்க்கிறது. அரிதான சொல்லுக்கு மதிப்பு அதிகம். இந்த யோசனையை 1972இல் முன்வைத்தவர் கேம்பிரிட்ஜின் காரன் ஸ்பார்க் ஜோன்ஸ். ஒரே தாளில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தால் மதிப்பெண் கூடும், ஆனால் ஓரளவுக்கு மேல் ஏறாது. தாள் நீளமாக இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். இதையெல்லாம் சேர்த்து 1990களில் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராபர்ட்சன் குழு உருவாக்கிய சூத்திரம்தான் பி.எம்.25. இன்றும் பல தேடுபொறிகளின் அடியில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். எளிமையானது, வேகமானது, ஏன் இந்தத் தாளை எடுத்தாய் என்று கேட்டால் காரணம் காட்டக்கூடியது.

அதற்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், எழுதியவரும் தேடுபவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினார்களா என்பது. 1987இல் ஜார்ஜ் ஃபர்னாஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு பொருளுக்கு இரண்டு பேர் தன்னிச்சையாக ஒரே பெயரைச் சொல்லும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கீழ் என்று வந்தது. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் கணினிக் கட்டளைகளையும் அன்றாடப் பொருள்களையும். மரவள்ளியைப் பார்த்திருந்தால் என்ன எண் வந்திருக்குமோ.

தமிழ்நாட்டுக்குள்ளேயே சேலத்தில் குச்சிக்கிழங்கு, நாகர்கோவில் பக்கம் மரச்சீனி, பொதுவில் மரவள்ளி, எல்லை தாண்டினால் கப்பை. ஆங்கிலத்தில் கசாவா, பிரெஞ்சு வழியாக மேனியாக், ஸ்பானிஷ் வழியாக யூகா, போர்த்துகீசில் மாண்டியோகா, சுவாஹிலியில் முஹோகோ, இந்தோனேசியாவில் சிங்கோங். யூகாவை ஆங்கிலத்தில் ஒரு 'சி' போட்டு எழுத வேண்டும். இரண்டு 'சி' போட்டால் அது கற்றாழைக்குத் தூரத்து உறவான வேறொரு செடி. அதன் சாற்றையும் தீவனத்தில் சேர்க்கிறார்கள். ஆய்வாளர்களே இரண்டையும் குழப்பி எழுதிவிடுகிறார்கள். டாப்பியோகா இன்னும் மோசம். கேரளத்து ஆங்கிலத்தில் அது கிழங்கு. வெளியே பல நாடுகளில் அது கிழங்கிலிருந்து எடுத்த மாவுச்சத்து மட்டும். கிழங்கில் சயனைடு உண்டு. நன்றாகக் கழுவி எடுத்த மாவுச்சத்தில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் எதிரெதிரான இரண்டு முடிவுகள் கையில் கிடைக்கும்.

நோய்க்கும் இதே கதிதான். சரியாகப் பக்குவப்படுத்தாத கசப்பு மரவள்ளியை மாதக்கணக்கில் சாப்பிட்டு, புரதமும் போதாமல் போனால் கால்கள் திடீரென்று விறைத்துப்போகும். 1938இல் பெல்ஜியக் காங்கோவில் ட்ரோலி என்ற இத்தாலிய மருத்துவர் இதைப் பதிவு செய்தபோது அங்கிருந்த பெயர் கொன்சோ. யாக்கா மொழியில் கால் கட்டப்பட்டது என்று பொருள். 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை இதே நோய் தாக்கியது. அங்கே அதன் பெயர் மந்தகாசா. 1984இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரைகள் அந்தப் பெயரில்தான் வந்தன. கொன்சோ என்று மட்டும் தேடுபவர் கண்ணில் அவை படாமல் போக நிறைய வாய்ப்பு. இத்தனைக்கும் இந்த நோயைப் பற்றிய முக்கியமான ஆவணங்கள் அவை.

சொல் தேடலில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. தோற்றால் மூஞ்சிக்கு நேராகத் தோற்கும். நாய்க்குட்டி வந்தால் தப்பு என்று உடனே தெரிகிறது. வராமல் போன மந்தகாசாவைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

பெயரைக் கழற்றி எண்ணை மாட்டுதல்

ஆன்டாலஜி என்பதற்குக் கணினித் துறையில் பலரும் சொல்லும் விளக்கம் 1993இல் டாம் க்ரூபர் தந்தது. ஒரு துறையில் என்னென்ன இருக்கின்றன, அவற்றுக்குள் என்ன உறவு என்று நாம் மனதில் வைத்திருப்பதை வெளிப்படையாக எழுதிவைப்பது என்று அதைச் சுருக்கிச் சொல்லலாம். நடைமுறையில் முதல் வேலை, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாள எண் கொடுப்பது. பெயர்கள் எல்லாம் அந்த எண்ணின் மேல் ஒட்டிய சீட்டுகள். ஆதார் அட்டையில் பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் ஆள் ஒன்றுதானே, அந்த மாதிரி. இரண்டாவது, எண்களுக்கு இடையே உறவுகளை எழுதுவது: இது அதிலிருந்து வந்தது, இது அதன் பாகம், இதில் அது சேர்ந்திருக்கிறது. உறவுகள் தர்க்க மொழியில் இருப்பதால் இயந்திரமே சில முடிவுகளுக்கு வர முடியும்.

உணவுக்கு இப்படி ஒன்று ஃபுட்ஆன். கனடாவைச் சேர்ந்த டேமியன் டூலி, வில்லியம் சியாவ் ஆகியோரை உள்ளிட்ட குழு 2018இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. உயிரினங்களுக்கும் வேதிப்பொருள்களுக்கும் அது புதிதாகப் பட்டியல் போடாமல், அந்தந்தத் துறைகளில் ஏற்கெனவே இருக்கும் பட்டியல்களை எடுத்துக்கொள்கிறது. உணவுப் பெயர்களில் பெரும்பகுதி வந்தது லாங்குவால் என்ற பழைய சொற்களஞ்சியத்திலிருந்து. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1970களின் கடைசியில் தொடங்கியது அது. ஓர் உணவை 14 முகங்களிலிருந்து பார்த்து விவரிக்கும்: எந்த உயிரினம், எந்தப் பாகம், என்ன நிலையில், எவ்வளவு சூடு பட்டது, எப்படிச் சமைத்தது, எப்படிக் கெடாமல் வைத்தது, எதில் அடைத்தது, இப்படி.

முகம் முகமாகப் பிரித்துப் பார்ப்பது என்றதும் நூலகத்துறைக்காரன் எனக்குச் சீர்காழி ஞாபகம் வராமல் இருக்காது. அங்கே 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன்தான் இந்த யோசனையை முறையான வகைப்பாடாக்கியவர். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமான்களைப் பார்த்து, ஒரே துண்டுகளை வேறு வேறு விதமாகச் சேர்த்தால் வேறு வேறு பொம்மை வருவதுபோலப் பாடங்களையும் கட்டலாமே என்று தோன்றியதாகச் சொல்வார்கள். 1933இல் வந்தது அவருடைய கோலன் பகுப்பு. முழு உணவுக்கும் ஒரு பெயர் வைக்காமல், செடி, பாகம், செய்முறை என்று துண்டுகளைக் கோக்கும் லாங்குவாலைப் பார்க்கும்போது அந்த மெக்கானோ தெரிகிறது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபுட்எக்ஸ்2, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அக்ரோவாக் ஆகியவையும் இந்தக் குடும்பம்தான், கறார்த்தனம் மட்டும் கூடக்குறைய இருக்கும். அக்ரோவாக்கில் 40க்கும் மேற்பட்ட மொழிகளின் சொற்கள் ஒரே கருத்தின் கீழ் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே மாண்டியோகா, மேனியாக் சிக்கலில் பாதியை அதுவே தீர்த்துவிடும். மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெட்டில் தேடுகிறவர்கள் தெரியாமலே இதன் எளிய வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். கசாவா என்று அடித்தால் அது உள்ளுக்குள் மானிஹாட் என்ற மருத்துவத் தலைப்பையும் சேர்த்துத் தேடும்.

வரைபடத்தோடு இரண்டாம் தேடல்

எங்களிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. ஃபுட்ஆனை அடித்தளமாக வைத்துக்கொண்டு, மரவள்ளிக்கென்று ஒரு சின்ன வரைபடத்தை நானும் உணவுத் தொழில்நுட்பம் படித்த உதவியாளர் ஒருவரும் வரைந்தோம். ஒவ்வொரு பண்டத்துக்கும் மூன்று கேள்விகள்: எந்தச் செடி, எந்தப் பாகம், என்ன செய்தார்கள். மூன்றாவது கேள்விதான் எங்கள் வேலையையே மாற்றியது.

அதற்குக் காரணம் கிழங்கின் வேதியியல். மரவள்ளியில் சயனைடு சும்மா உலாவுவதில்லை, லினமாரின் என்ற சேர்மத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறக்கும் லினமரேஸ் என்ற நொதி செல்சுவரில் இருக்கிறது. லினமாரினோ செல்லுக்குள் தனி அறையில். முழுக் கிழங்கில் இரண்டும் சந்திப்பதில்லை. துருவினால், இடித்தால், ஊறவைத்து அழுகவிட்டால் சந்திக்கும். அப்போது வெளியேறும் ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதிப்பது, காற்றோடு போய்விடும். ஆனால் மெல்லிசாகச் சீவிய வில்லையை நேராகக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால்? நொதி அக்கணமே செத்துவிடும். பூட்டு பூட்டியபடியே இருக்கும். தண்ணீர் வற்றி எடை பாதிக்கும் கீழே போவதால், பச்சைக் கிழங்கில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இருந்து எதுவும் வெளியேறாவிட்டால், சிப்ஸில் அது 40ஐத் தாண்டிவிடும். நண்பரின் ஆய்வக முடிவுக்கு விளக்கம் அங்கேயே இருந்தது.

ஆகவே நாங்கள் தேட வேண்டியது சிப்ஸை அல்ல. திசு உடைந்து, சூடு படும் முன் காத்திருப்பு உள்ள செய்முறை எதுவானாலும் சரி. இந்தக் கேள்வியைச் சொல்லாகத் தேடுபொறியிடம் கேட்க வழியில்லை, எந்தக் கட்டுரையும் அப்படித் தலைப்பு வைப்பதில்லை. வரைபடத்தில் கேட்கலாம். மரவள்ளிக் கிழங்கிலிருந்து வந்தது, துருவல் அல்லது ஊறல் என்ற படியைத் தாண்டியது, அந்தப் படி வெப்பப் படிக்கு முந்தியது. மேற்கு ஆப்பிரிக்காவின் காரி வந்தது: துருவி, மூட்டையில் கட்டிப் புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்தது. ஐவரி கோஸ்ட்டின், துருவிப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் அத்தியேக்கே வந்தது. பிரேசிலின் ஊறவைத்துச் செய்யும் ஃபரின்யா வந்தது. ஆஸ்திரேலியாவின் ஹோவர்ட் பிராட்பரி உருவாக்கிய, மரவள்ளி மாவை ஈரமாக்கி மெல்லிசாகப் பரப்பிவைக்கும் முறை வந்தது: வெயிலில் 2 மணி நேரம் அல்லது நிழலில் 5 மணி நேரம். சிப்ஸ் என்று எத்தனை நாள் தேடியிருந்தாலும் இவற்றைத் தொட்டிருக்க மாட்டேன்.

காரியைச் சொல்லாகத் தேடினால் என்ன வரும் என்று ஆர்வத்தில் பார்த்தேன். சுஷியோடு வைக்கும் ஜப்பானிய இஞ்சி ஊறுகாய்க்கும் அதே பெயர். போதாததற்கு, நைஜீரியர்களில் பலர் மரவள்ளிக் காரியை இரண்டு 'ஆர்' போட்டு எழுதுகிறார்கள்.

ஃபுஃபுவில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. கானாவில் ஃபுஃபு என்றால் வேகவைத்த மரவள்ளியையும் வாழைக்காயையும் உரலில் இடித்தது. நைஜீரியாவில் ஊறவைத்துப் புளிக்கவிட்ட மாவு. காங்கோவில் உலர்ந்த மாவில் கிண்டிய களி. சொல் ஒன்று, செய்முறை மூன்று, மிஞ்சும் சயனைடும் மூன்று விதம். வரைபடத்தில் இதற்கு மூன்று எண்கள் கொடுத்தோம். சொல் தேடலில் இந்த மூன்றின் அளவுகளையும் யாராவது ஒரே அட்டவணையில் போட்டுச் சராசரி எடுத்திருந்தால், அந்தச் சராசரி எந்த ஊர்த் தட்டிலும் இல்லாத ஒரு பண்டத்தைப் பற்றியதாக இருக்கும்.

சறுக்கிய இடங்கள்

இதுவரை படித்தால் ஆன்டாலஜிக்கு விளம்பரம் மாதிரி இருக்கும். இல்லை.

முதல் சறுக்கல் அகலம். மரவள்ளியிலிருந்து வந்த எல்லாம் என்று இயந்திரத்திடம் சொன்னால் அது நிஜமாகவே எல்லாவற்றையும் கொண்டுவரும். மாவுச்சத்தும் மரவள்ளியிலிருந்து வந்ததுதானே. காகித ஆலை, துணிக்குக் கஞ்சி, எரிசாராயம், பபிள் டீ உருண்டை என்று வெள்ளமாக வந்தது. எலென் வூர்ஹீஸ் 1994இலேயே வேர்ட்நெட் என்ற சொல்வலையை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். விரிவாக எழுதிய கேள்வியில் உறவுச் சொற்களைச் சேர்த்தால் பெரிதாகப் பயன் இல்லை. கேள்வி சுருக்கமாக இருந்து, சேர்க்க வேண்டியதை மனிதர் கையால் பொறுக்கிக் கொடுத்தால்தான் தேறியது. எங்களுக்கும் அதே அனுபவம்தான். மாவுச்சத்துக் கிளையைக் கையால் வெட்டிவிட்ட பிறகுதான் மூச்சுவிட முடிந்தது.

அதைவிடப் பழைய அடி ஒன்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் 1950களின் கடைசியில், ஆவணங்களுக்குத் தேடுசொல் ஒட்டும் நான்கு அட்டவணை முறைகளை 18,000 ஆவணங்களில் மோதவிட்டார். நான்கும் தேட வேண்டியதில் ஏறத்தாழ 74 முதல் 82 சதவீதம் வரை கண்டுபிடித்தன. ரங்கநாதன் வழிவந்த முகப் பகுப்பு கடைசியில் நின்றது. வெறும் ஒற்றைச் சொற்களை ஒட்டும் யூனிடெர்ம் முன்னால். அடுத்த சுற்றில், 1966இல் முடிந்த ஆய்வில், 1,400 தாள்களோடு 33 விதமான அட்டவணை மொழிகளைப் பார்த்தார். தாளில் இருந்த சொற்களை அப்படியே எடுத்துப் போட்டதுதான் மேலே வந்தது. கவனமாகக் கட்டிய சொற்பட்டியல்கள் பின்தங்கின. அவருக்கே அது எதிர்பாராத முடிவு. ஆன்டாலஜி விற்க வருகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஆனால் கிளெவர்டனின் தாள்கள் விமானவியல் தாள்கள். அவற்றை எழுதியவர்களும் தேடியவர்களும் ஏறக்குறைய ஒரே படிப்பு படித்து ஒரே கலைச்சொல்லில் பேசுகிறவர்கள். அங்கே இறக்கை என்றால் இறக்கைதான். உணவில் ஒவ்வோர் அடுப்படிக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதனால் அவருடைய முடிவை அப்படியே இங்கே தூக்கிவைக்க எனக்கு மனமில்லை. அதற்காக ஒதுக்கவும் இல்லை. லினமாரின், லினமரேஸ் போன்ற வேதிப்பெயர்களில் சொல் தேடலே போதுமாக இருந்தது. வரைபடம் அங்கே எதையும் கூட்டித் தரவில்லை. அந்தச் சொற்களை உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். வரைபடம் உழைத்ததெல்லாம் கிழங்கு, பண்டம், நோய் ஆகிய பெயர்களில்தான்.

மூன்றாவது சறுக்கல்தான் என்னைப் பயமுறுத்தியது. கட்டுரைச் சுருக்கங்களில் வரும் பண்டப் பெயர்களுக்கு எண் ஒட்டும் வேலையை ஒரு நிரலிடம் விட்டிருந்தோம். சாகோ என்று கண்ட இடத்திலெல்லாம் அது பனையின் எண்ணை ஒட்டிவிட்டது. சேலத்துக் கட்டுரைகள் மொத்தமும் மரவள்ளிக் கிளையிலிருந்து காணாமல் போய், சரவாக் பனைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டன. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பட்டியல் சுத்தமாக, ஒழுங்காக இருந்தது. உதவியாளரின் அப்பா சேகோ ஆலையில் வேலை பார்த்தவர். அவள்தான் ஒரு மாலை, "அண்ணா, இதுல நம்ம ஊர்க் கட்டுரை ஒண்ணுகூட இல்லையே" என்றாள். அவள் சொல்லாவிட்டால் அறிக்கை அப்படியே போயிருக்கும்.

சொல் தேடலில் நாய்க்குட்டி கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே தவறு முன்கூட்டியே, ஒட்டும்போதே நடந்துவிட்டது; தேடுகிறவர் கண்ணில் படாது. இரண்டு முறைகளுக்கும் இடையே நான் பார்த்த நிஜமான வேறுபாடு இதுதான். பெயர்க் குழப்பத்தை ஆன்டாலஜி ஒழிப்பதில்லை. தேடும் நேரத்திலிருந்து ஒட்டும் நேரத்துக்கு நகர்த்துகிறது. ஒட்டுகிறவருக்குச் சேலமும் தெரிந்து சரவாக்கும் தெரிந்திருந்தால் எல்லாருக்கும் லாபம். தெரியாவிட்டால் ஒருவரின் அறியாமை எல்லாருடைய தேடலுக்குள்ளும் புகுந்துவிடும்.

ஒட்டியது பழசாகிப் போவதும் உண்டு. 2005 மார்ச்சில் பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் மரவள்ளிப் பலகாரம் சாப்பிட்டு 27 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். முதல் சந்தேகம் சயனைடு மேல்தான். பிறகு பூச்சிக்கொல்லி என்று தெரியவந்தது. முதல் வாரச் செய்திக்கு 'மரவள்ளி, காரணம் சயனைடு' என்று யாராவது உறவு எழுதி, திரும்பி வந்து திருத்தாமல் விட்டிருந்தால், அந்தத் துயரம் இன்றும் சயனைடுக் கணக்கில்தான் இருக்கும். 2017 செப்டம்பரில் உகாண்டாவின் கசேசேயில் மரவள்ளி மாவு சாப்பிட்டு 98 பேர் பாதிக்கப்பட்டது நிஜமாகவே சயனைடால். இரண்டும் தலைப்பில் ஒரே மாதிரி தெரியும்.

இப்போதெல்லாம் சொல்லுமில்லை, வரைபடமுமில்லை, வாக்கியத்தையே எண்வரிசையாக்கி நெருக்கம் பார்க்கும் தேடல் இருக்கிறதே என்று கேட்பார்கள். பார்த்தேன். கசாவாவையும் மேனியாக்கையும் அழகாகச் சேர்க்கிறது. ஆனால் சேலத்துச் சாகோவும் சரவாக் சாகோவும் ஒரே மாதிரி வாக்கியங்களில்தான் வருகின்றன: வெள்ளை உருண்டை, கஞ்சிப் பதம், மாவுச்சத்து அளவு. பிரிக்க வேண்டிய இடத்தில் அது சேர்த்துவைக்கிறது.

கடைசியில் செய்தது

இரண்டையும் கலந்தோம். வரைபடத்தை வைத்துப் பெயர்களைத் திரட்டி, அந்தப் பெயர்களைச் சாதாரணச் சொல் தேடலில் போட்டு வாரி எடுத்தோம். வந்தவற்றில் சாகோ, டாப்பியோகா, சிப்ஸ், ஃபுஃபு ஆகிய நான்கு சொற்கள் உள்ள தாள்களுக்கு மட்டும் கையால் எண் ஒட்டினோம். நான்கே சொல்தான். அலுப்பான வேலை, ஆனால் குழப்பத்தில் பெரும்பகுதி அந்த நான்கில்தான் இருந்தது. அளவுகளை ஒப்பிடும்போது பச்சை எடைக்கா, உலர் எடைக்கா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. அதை எந்தத் தேடலும் செய்து தரவில்லை.

நண்பருக்குக் கொடுத்த அறிக்கை இரண்டு பக்கம். முதலில் கிழங்கைப் பாருங்கள் என்றோம். பச்சைக் கிழங்கில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால்தான் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் அதை இனிப்பு மரவள்ளி என்கிறது. அவருக்கோ பொரித்த பிறகு 10 வேண்டும், ஆகவே இனிப்பு என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கினால் போதாது. வண்டி வண்டியாகச் சோதித்து வாங்க வேண்டும். இரண்டாவது, சீவிய வில்லையைச் சட்டியில் போடும் முன் தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது. மூன்றாவதாக ஒரு யோசனை: சீவுவதற்குப் பதில் துருவி, காத்திருந்து, பிழிந்து, தட்டிப் பொரிப்பது. அதைப் படித்துவிட்டு, "இது சிப்ஸ் இல்லீங்க, வடை" என்றார். ஜவ்வரிசிக்குப் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று ஒரே வரி. அரைத்துக் கழுவி வண்டல் எடுக்கும்போதே பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது.

கிழங்கையும் ஊறலையும் மாற்றினார். சில சரக்கு வரம்புக்குள் வந்தது, சில வரவில்லை. வராததை உள்ளூரில் விற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார், நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். அப்புறம் பை அச்சடிக்கும்போது மறுபடி போன். ஆங்கிலத்தில் என்ன பெயர் போடுவது, டாப்பியோகாவா, யூகாவா, கசாவாவா? ஆஸ்திரேலியச் சட்டத்தில் இருக்கும் சொல் கசாவா, அதையே போடுங்கள் என்றேன். "அப்ப பாலக்காட்டுக்குப் போற பைக்கு?" என்றார். அதற்கு மட்டும் மலையாளத்தில் கப்பை என்று தனியாக ஒரு ஸ்டிக்கர் அடித்துக்கொண்டார்.